நாலடி தள்ளி நின்ற கல்

கோவிந்தம்மாள்: …அதான் சொல்றேனே, வேணாம்மா. நட்ட கல்லு நட்டபடி இருக்கட்டும். மெஷினை மடக்கி வண்டியில வெச்சிக்கினு கெளம்புங்க.

கிளாரா: இந்தக் கோல இன்னும் பிரிக்கவே இல்லீங்களேம்மா.

கோவிந்தம்மாள்: அப்ப இன்னும் சுலபமாப் போச்சி.

கிளாரா: திண்டிவனத்துலேர்ந்து இந்த வெயில்ல வந்திருக்கேன். அரை மணி நேரம் குடுங்க. கூலிகூட வேணாம்.

கோவிந்தம்மாள்: கூலி வேணாங்கற சர்வேயர இப்பதான் பாக்கறேன். அதுலயே சந்தேகமா இருக்குது. உங்கள யாரு கூப்ட்டாங்க? நான் கூப்டல. அவரு கூப்ட்டாரா?

கிளாரா: எவரு?

கோவிந்தம்மாள்: அதான்… பக்கத்துக் கழனிக்காரரு.

கிளாரா: சுப்பராயலு ஐயாவா? அவரு பேரச் சொல்ல மாட்டீங்களா?

கோவிந்தம்மாள்: பேச்சே இல்ல, பேரு எதுக்கு? மாசி மகத்துக்கு மறுநாள் நீங்க வந்து இந்த மூலைக்கல்ல நட்டீங்க. மோர் குடிச்சீங்க. போய்ட்டீங்க. அன்னியோட எங்க பேச்சும் போச்சி. நாப்பது நாளாச்சி.

கிளாரா: அதுக்கு முன்ன நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தீங்க? உங்க வீட்டுக்காரரும் அவரும் ஒண்ணாத்தான் மைலம் தேருக்குப் போவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.

கோவிந்தம்மாள்: என் வீட்டுக்காரரு பச்சைமுத்து இருந்த வரைக்கும் அவரும் இவரும் ஒரே டம்ளர்ல டீ குடிப்பாங்க. அவரு போயி மூணு வருஷமாச்சி. அப்பறமும் அண்ணே அண்ணேன்னுதான் இருந்தேன். வாய்க்கா தூர் வார வந்த ஜேசிபி மூலைக்கல்ல அடிச்சிக்கினு போச்சி பாருங்க, அங்க ஆரம்பிச்சிது பேஜாரு.

கிளாரா: ஆரம்பிச்சது ஜேசிபி இல்லம்மா…

கோவிந்தம்மாள்: பின்ன?

கிளாரா: அப்பறம் சொல்றேன். அதோ அவரே வர்றாரு பாருங்க.

கோவிந்தம்மாள்: அய்யய்யோ. அவரு எதிர்ல அளக்காதீங்க. சொன்னா கேளுங்க.

சுப்பராயலு: யாரு அது கல்லுகிட்ட? …ஓ, சர்வேயர் மேடமா. வாங்க. இன்னா விஷயம்?

கிளாரா: வணக்கம் ஐயா. இந்த மூலைய இன்னொரு வாட்டி அளந்து பாத்துடலாம்னு வந்தேன்.

சுப்பராயலு: இன்னாத்துக்கு? அந்தம்மா வரச் சொன்னாங்களான்னு கேளுங்க.

கோவிந்தம்மாள்: நான் வரச் சொல்லலன்னு அவருகிட்ட சொல்லும்மா.

கிளாரா: மூணு பேரும் ஒரே வேப்பமரத்து நெழல்லதான் நிக்கறோம். நான் வேற எதுக்கு நடுவுல?

சுப்பராயலு: நான் உங்ககிட்டதான் பேசறேன் மேடம்.

கோவிந்தம்மாள்: நானும் உங்ககிட்டதாம்மா பேசறேன்.

கிளாரா: சரி, பேசுங்க. அளக்கலாமா?

சுப்பராயலு: வேணாம் மேடம். மல்லாட்டைக் கடலை புடுங்கற நேரம். கல்லு அது பாட்டுக்கு இருக்குது. யாருக்கு இன்னா கஷ்டம்?

கோவிந்தம்மாள்: அதத்தான் நானும் சொன்னேன்.

கிளாரா: இது வேடிக்கையா இருக்கே. அன்னிக்கி ரெண்டு பேரும் இன்னிக்கே அளந்தாகணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. சாப்பிடக்கூட விடல. இன்னிக்கி ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னைத் தொரத்தறீங்க.

சுப்பராயலு: சேந்துக்கினுன்னு யாரு சொன்னாங்க? அவங்க தனியா தொரத்தறாங்க. நான் தனியா தொரத்தறேன்.

கிளாரா: நான் போகப்போறதில்ல ஐயா. அளக்காம போனா எனக்கு சோறு எறங்காது. ஒரு ஒதவி பண்ணுங்க. அதோ ரோட்டோரம் மூணு கால்ல ஒரு பெட்டி வெச்சிருக்கேன். ஆடுங்க அந்தப் பக்கமா வருது. நான் கூப்பிடற வரைக்கும் அதுகிட்ட நின்னு பாத்துக்கறீங்களா? ஆடு இடிச்சா எல்லாம் போச்சு.

சுப்பராயலு: …ம். பெட்டிய பாத்துக்கறேன். நீங்களும் கொஞ்சம் யோசன பண்ணுங்க. அளக்காம இருந்தா எல்லாருக்கும் நல்லது.

கிளாரா: போய்ட்டாரு. இப்ப சொல்லுங்கம்மா. எதுக்கு இப்படி கல்ல மறைச்சிக்கிட்டு நிக்கறீங்க?

கோவிந்தம்மாள்: மறைக்கலியே. வெயிலுக்கு நெழல்ல நிக்கறேன்…

கிளாரா: நான் வண்டிய நிறுத்தும்போதே பாத்துட்டேன். அன்னிக்கி நான் நட்ட கல்லுக்கு உங்க போர் பைப்பு அந்தப் பக்கமா, அவரு நெலத்துல விழுந்துச்சு. அதுக்காகத்தானே சண்டையே. இன்னிக்கி பைப்பு இந்தப் பக்கம், உங்க நெலத்துல நிக்குது. பைப்பு நடக்காதும்மா. கல்ல யாரோ நகர்த்தியிருக்காங்க. அதானே?

கோவிந்தம்மாள்: மெதுவா பேசும்மா. காத்து அந்தப் பக்கமா அடிக்குது.

கிளாரா: யாரு?

கோவிந்தம்மாள்: என் பையன் ஆனந்தராஜ்.

கிளாரா: அவரா சொன்னாரு?

கோவிந்தம்மாள்: அவன் சொல்லல. நான் கேக்கல. நீங்க கல்லு நட்டுட்டுப் போன அன்னிக்கி வூட்டுக்கு வந்து தட்டுல கைய ஒதறிட்டு எழுந்துட்டான். அப்பா போட்ட போரு, அவரு தண்ணிய வேற ஒருத்தர் எறைப்பாரான்னு கத்தனான். மறுநாள் காலைல எழுந்து பாக்கறேன், ஆள் இல்ல. அப்பறமா வர்றான், முட்டி வரைக்கும் சேறு. எங்கடான்னா, ஓட்டம் போனேன்னான்.

கிளாரா: போலீஸ் செலெக்‌ஷனுக்கு ஓடிக்கிட்டிருந்தாரே, நிஜமாவே ஓடப் போயிருக்கலாம்ல?

கோவிந்தம்மாள்: நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கழனிக்கு வந்து பாக்கறேன், கல்லு நாலடி தள்ளி நிக்குது. ஈர மண்ணு. வரப்புலயே ஒக்காந்து அழுதுட்டேன்.

கிளாரா: அப்பவாவது கேட்டிருக்கலாமே.

கோவிந்தம்மாள்: கேட்டா ஆமாம்பான்மா. அவனுக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்றது? இப்ப அவன் செலெக்‌ஷன் ஆய்ட்டான். ஓட்டம், கயிறு ஏறறது, பரிச்சை எல்லாத்துலயும் பாஸு. வர்ற வாரம் ஸ்டேஷன்லேர்ந்து விசாரிக்க வருவாங்க. இவன் மேல எதுனா புகார் இருக்குதா, அக்கம் பக்கத்துல எப்பிடின்னு. மொதல்ல யார கேப்பாங்க சொல்லு? பக்கத்துக் கழனிக்காரரத்தான்.

கிளாரா: இப்பதான் புரியுது.

கோவிந்தம்மாள்: எல்லைக்கல்ல புடுங்கனான்னு ஒரு வார்த்த அவரு சொன்னாப் போதும். அஞ்சு வருஷமா ஓடனது எல்லாம் வீணு. அவரு தெனம் இந்த வழியாத்தான் போறாரு வர்றாரு. கல்ல கவனிக்கலன்னு நெனச்சிக்கினு நாப்பது நாளா உசுர கையில புடிச்சிக்கினு இருக்கேன். இப்ப நீங்க அளந்து, நாலடி நவுந்திருக்குதுன்னு வாயால சொல்லிட்டா… வேணாம்மா. போரே போனாலும் போவட்டும். நான் கேப்பை வெதைச்சிக்கினு கெடக்கறேன். என் புள்ளைய வுட்டுடுங்க.

கிளாரா: அம்மா, அழாதீங்க. நான் ஒண்ணு சொல்றேன். திட்டறதுன்னா அப்பறம் திட்டுங்க. தப்பு உங்க பையன் பண்ணல. மொதல்ல தப்பு பண்ணது நான்.

கோவிந்தம்மாள்: நீங்களா?

கிளாரா: அன்னிக்கி நான் கல்லு நட்ட எடமே தப்பு.

கோவிந்தம்மாள்: இன்னாம்மா சொல்ற நீ?

கிளாரா: அவரையும் கூப்பிடறேன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தடவையா சொல்லிடறேன். ரெண்டாவது வாட்டி சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. …ஐயா, வாங்க. ஆடுங்க அந்தாண்ட போய்டுச்சு.

கோவிந்தம்மாள்: அம்மா, அம்மா, ஆனந்தராஜ் பேர மட்டும்…

கிளாரா: அந்தப் பேரு என் வாய்லேர்ந்து வராது.

சுப்பராயலு: இன்னா மேடம், யோசன பண்ணிட்டீங்களா? ஏன் அந்தம்மா மொகம் இப்பிடி இருக்குது?

கிளாரா: ஐயா, இந்தக் கழனிக்கு மத்த மூணு மூலையையும் அன்னிக்கி சரியாத்தான் அளந்தேன். இந்த மூலை மட்டும் தப்பு. மேல பாருங்க.

சுப்பராயலு: கரண்டு கம்பிதானே போவுது. எங்கப்பா காலத்துலேர்ந்து போவுது.

கிளாரா: அதுலதான் வெனை. இந்தக் கோலு மேல இருக்கற தொப்பி மாதிரி மெஷினு சேட்டிலைட்ட பாத்து எடம் சொல்லும். ஆனா சேட்டிலைட் சொல்றது மட்டும் போதாது. மூணடி நாலடி முன்ன பின்ன இருக்கும். அதுக்குத்தான் ரோட்டோரம் அந்தப் பெட்டி. அது ஒரே எடத்துல அசையாம நின்னுக்கிட்டு, சேட்டிலைட்டு இப்ப இவ்ளோ தப்பா சொல்லுது, நீ இவ்ளோ திருத்திக்கோன்னு ரேடியோல இதுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும்.

சுப்பராயலு: சரி.

கிளாரா: அந்தக் கம்பத்து உச்சியில கம்பிய தாங்கற பீங்கான் விரிசல் விட்டிருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்துக்கிட்டே இருந்துருக்கு. அந்தப் பொறி ரேடியோவுல கரகரன்னு கத்தும். கல்யாண வூட்டு ஸ்பீக்கர்கிட்ட நின்னு போன் பேசனா கேக்குமா? பெட்டி சொன்ன திருத்தம் இதுக்குக் கேக்கல. திருத்தம் இல்லாம இது தன் இஷ்டத்துக்கு ஒரு எடத்த காட்டுச்சு.

சுப்பராயலு: மெஷினுக்குக் காது அடைச்சிக்கிச்சின்னு சொல்லுங்க.

கிளாரா: அப்படித்தான் ஐயா.

கோவிந்தம்மாள்: அப்ப அது மெஷினு தப்புதானே? உங்க தப்பு எப்பிடி?

கிளாரா: மெஷினு பொய் சொல்லலம்மா. எனக்குக் கேக்கலன்னு திரையில காட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. இங்க ஃபிக்ஸ்னு வரணும். அன்னிக்கி ஃப்ளோட்னு நின்னுச்சு. அப்படின்னா, எடம் இன்னும் உறுதியாகல, அலையறேன்னு அர்த்தம். அரை மணி நேரம் பாத்தேன். மாறல. விக்கிரவாண்டில டோல்கேட் பக்கத்துல இன்னொரு எடம் அளக்கணும், அவங்க போன் மேல போன் போட்டாங்க. கயிறு புடிச்சி இன்னொரு தரம் பாத்திருக்கணும். பாக்கல. மூணு மூலை சரியா இருக்கு, நாலாவது என்ன பெருசா தப்பிடப்போவுதுன்னு கல்ல நட்டுட்டேன்.

சுப்பராயலு: …ம்.

கிளாரா: போன வாரம் இதே லைனுக்குக் கீழ, அடுத்த ஊர்ல, அதே மாதிரி அலைஞ்சுது. வண்டி ரேடியோவ போட்டா அந்தக் கம்பத்துகிட்ட மட்டும் இரையுது. லைன்மேன் சவுரிராயன் அண்ணன கூட்டியாந்து காட்டினேன். நடந்து வந்து, இந்தக் கம்பத்துலயும் அதே மாதிரி விரிசல் இருக்குன்னாரு. முந்தாநாள் ரெண்டுலயும் புதுசு மாட்டிட்டாரு. அன்னியிலேர்ந்து எனக்கு இந்த மூலைதான் கண்ணுல நிக்குது. என் தப்பால ஒரு வூட்டு போரு போயிடக்கூடாது. என்ன மன்னிச்சிடுங்க. ரெண்டு பேரும்.

கோவிந்தம்மாள்: ஒத்துக்கினு வந்தியே தாயி. அதுவே போதும்.

சுப்பராயலு: அளங்க மேடம்.

கிளாரா: வேணாம்னீங்களே?

சுப்பராயலு: இவ்ளோ தூரம் வந்தாச்சி. அளங்க. அந்தம்மாவுக்கு இஷ்டமான்னு கேளுங்க.

கோவிந்தம்மாள்: …அளக்கட்டும்.

கிளாரா: கோல புடிங்கம்மா, நேரா. ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. …இப்ப பாருங்க. ஃப்ளோட்… ஃப்ளோட்… வந்துடுச்சு. ஃபிக்ஸ். எண்ணி எட்டு செகண்டு. அன்னிக்கி அரை மணி நேரம் நின்னேனே, ஆண்டவரே.

கோவிந்தம்மாள்: எந்தப் பக்கம்மா போவணும்?

கிளாரா: எனக்கு நேரா வாங்க. இன்னும். கொஞ்சம் வலது பக்கம். …நில்லுங்க. அங்கியே குத்துங்க.

கோவிந்தம்மாள்: இங்க எப்பிடிம்மா குத்தறது? கல்லுதான் இருக்குது.

கிளாரா: …இருங்க. நானே புடிக்கறேன்.

சுப்பராயலு: இன்னா ஆச்சி?

கிளாரா: கல்லு இப்ப நிக்கற எடமும், வரைபடத்துல இருக்கற மூலையும் ஒண்ணுதான். ரெண்டு வெரக்கடைகூட வித்தியாசம் இல்ல. போரு ரெண்டடி உள்ள, கோவிந்தம்மா நெலத்துல இருக்கு. சந்தேகமே இல்ல.

கோவிந்தம்மாள்: என் போரா?

கிளாரா: உங்க போருதாம்மா. என்னிக்கும் உங்களுதுதான். நான்தான் நாப்பது நாள் கொழப்பிட்டேன்.

கோவிந்தம்மாள்: மைலம் முருகா… அவரு பாடுபட்ட தண்ணிம்மா அது. மூணு தரம் காஞ்சி போயி நாலாவது தரம் வந்த தண்ணி. போய்டுச்சின்னே நெனச்சேன்.

கிளாரா: ஒக்காருங்க. தண்ணி குடிங்க. ஐயா, உங்களுக்கு வருத்தமா?

சுப்பராயலு: எனக்கு இன்னா வருத்தம்? ஆனா ஒண்ணு கேக்கறேன் மேடம். நீங்க நாலடி தள்ளி தப்பா நட்டீங்க. இன்னிக்கி கல்லு சரியான எடத்துல நிக்குது. இது எப்பிடின்னு நீங்க கேக்கவே இல்லியே?

கிளாரா: கேக்க வேண்டியது இல்லீங்க. கல்லு சரியான எடத்துல இருக்குன்னு எழுதி கையெழுத்து போட்டுத் தர்றேன். அவ்ளோதான்.

சுப்பராயலு: அப்பிடி வுட்டுட முடியுமா? எல்லைக்கல்லு. யாரு நவுத்துனதுன்னு தெரிய வேணாமா?

கோவிந்தம்மாள்: நான்தான் நவுத்துனேன்.

கிளாரா: அம்மா…

கோவிந்தம்மாள்: நான்தாம்மா. மறுநாள் விடியகாலைல வந்து கடப்பாரையால கெளப்பி நானே நட்டேன். எங்க வூட்ல வேற யாருக்கும் தெரியாது. கேஸு போடறதுன்னா என் மேல போடச் சொல்லு அவர. ஊரு முன்னால கால்ல வுழச் சொன்னாலும் வுழறேன். ஸ்டேஷன்லேர்ந்து வந்து கேட்டா, அம்மாக்காரி பண்ணா, புள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொல்லச் சொல்லும்மா.

சுப்பராயலு: பொய் சொல்ல வேணாம்னு சொல்லுங்க மேடம் அவங்கள.

கோவிந்தம்மாள்: நான் பொய் சொல்லல.

சுப்பராயலு: ஏம்மா கோவிந்தம்மா, உன்னால அந்தக் கல்ல அசைக்க முடியுமா? எங்க, இப்ப ஒரு தரம் அசை பாக்கறேன். ஆனந்தராஜ்னு நெனச்சிக்கினியா?

கோவிந்தம்மாள்: அண்ணே, அவன் சின்னப் புள்ள. அப்பா இல்லாத புள்ள. ஏதோ கோவத்துல…

சுப்பராயலு: மேடம், அந்த மம்முட்டிய எடுங்க. கல்லு ஓரமா, இந்தப் பக்கம், ஒரு மொழம் தோண்டுங்க. கல்லு சாயாம.

கிளாரா: எதுக்குங்க?

சுப்பராயலு: தோண்டுங்களேன்.

கிளாரா: …கறுப்பா என்னமோ இருக்கு. மண்ணு இல்ல. கரி. அடுப்புக்கரி. நெறைய இருக்கே.

சுப்பராயலு: பழைய கல்லு சாஞ்சிக்கினே இருக்குதுன்னு ஒரு வருஷம் நானும் பச்சைமுத்துவும் அத்த தூக்கி, அதே குழியில கரிய கொட்டி, மேல நட்டோம். கரி மக்காது. நாளைக்குக் கல்லு போனாலும் எடம் போவாதுன்னு அவன்தான் ஒரு கூடை அள்ளியாந்தான். அப்ப நீ இந்த ஊருக்கு மருமவளா வரல. உன் புள்ள எங்க பொறந்தான்? கரி இருக்கற எடம் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் போய்ச் சேந்துட்டான்.

கோவிந்தம்மாள்: அண்ணே…

சுப்பராயலு: இந்த மேடம் கல்லு நட்டப்ப, போரு என் பக்கம் வந்துடுச்சின்னு கேட்டதும் எனக்கு ஆசை வந்துச்சி. கரி ஞாபகம் வரலன்னு சொன்னா அது பொய். வந்துச்சி. வாய மூடிக்கினு இருந்துட்டேன். மெஷினே சொல்லுதுன்னு உன்கிட்ட எகத்தாளமா வேற பேசிட்டேன். வூட்டுக்குப் போனா படுக்க முடியல. அந்த போருக்கு பைப்பு எறக்குனப்ப ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் நான். தண்ணி பீச்சி அடிச்சப்ப ரெண்டு பேரும் நனைஞ்சோம். விடியறதுக்குள்ள வந்து நாலு எடத்துல குத்திப் பாத்து, கரியக் கண்டுபுடிச்சி, கல்ல உருட்டியாந்து நட்டேன். முதுகு புடிச்சிக்கினு பத்து நாளு திருவெண்ணெய்நல்லூர் வைத்தியர்கிட்ட போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்.

கிளாரா: அதான் இன்னிக்கி அளக்க வேணாம்னீங்களா?

சுப்பராயலு: மெஷினு திரும்பவும் கல்ல என் பக்கம் நட்டுட்டா? இன்னொரு தரம் உருட்ட முதுகு தாங்காது மேடம்.

கோவிந்தம்மாள்: நான் இங்க செத்து செத்துப் பொழைச்சேனே அண்ணே. இத்த ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? பண்றதையும் பண்ணிட்டு, நாப்பது நாளா மொகத்த திருப்பிக்கினு போனீங்களே, எதுக்கு?

சுப்பராயலு: அன்னிக்கி காலைல நீ வந்து கல்லப் பாத்த. வரப்புல ஒக்காந்த. நான் அந்தாண்ட பனைமரத்துகிட்டதான் நின்னுக்கினு இருந்தேன். அண்ணன்தான் நட்டிருக்காருன்னு புரிஞ்சிக்கினு நீ அழுவறன்னு நெனச்சேன். எழுந்து என்னைத் தாண்டித்தானே போன… ஒரு வார்த்த, நல்லா இருக்கியாண்ணேன்னு கேக்காம போய்ட்டியேம்மா.